பத்தாவது கேள்வி

ஜனவரி 3, சனி

திராட்சைக்கு மருந்து விற்கும் கடைக்காரர் கொடுத்த டைரி இது. நூறு பேர் கேட்டும் எனக்குத்தான் கொடுத்தார். அட்டையில் டீ கொட்டியிருந்ததால் மற்றவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று சுகந்தி சொல்கிறாள். அவள் என் மனைவி. என் செல்வாக்கு அவளுக்குப் பொறுக்காது.

பெயர் சன்னாசி. தொழில், லோடு ஆட்டோவில் தண்ணீர் கேன் போடுவது. கம்பத்தில் பாதி ஊர் நான் கொண்டு போகும் தண்ணீரைத்தான் குடிக்கிறது. மாடி ஏறிக் கேன் கொடுப்பதில்லை, அது கொள்கை. கீழே வைத்து ஹாரன் அடிப்பேன், அவர்களே வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்.

டைரி தொடங்கக் காரணம் இருக்கிறது. அக்கா பஞ்சவர்ணத்தின் மகள் யோகஸ்ரீ பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்த மாதக் கடைசியில் அவள் வகுப்பு மாணவிகள் இருபத்துநான்கு பேரை நான்கு நாள் மேகமலைக்குக் கூட்டிப் போகிறார்களாம். அங்கேயே தங்கி, கயிற்றால் தரையில் கட்டம் போட்டு உள்ளே எத்தனை செடி என்று எண்ணுவார்களாம். ஓடையில் சல்லடை போட்டுப் பூச்சி பிடிப்பார்களாம். தவளை கத்துவதை எழுதிக்கொள்வார்களாம். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும்போது காட்டுக்கு எதற்குப் போக வேண்டும்? இதில் ஏதோ இருக்கிறது.

மச்சான் மஸ்கட்டில். அக்கா திராட்சை வெட்டப் போகிறாள். ஆகவே பொறுப்பு தாய்மாமன் தலையில்.

"டேய் சன்னாசி, நீதான் எட்டு வரைக்கும் படிச்சவன். போய் என்ன ஏதுண்டு கேட்டுட்டு வா" என்றாள் அக்கா.

எட்டில் நான் ஃபெயில் என்பதை அவள் சொல்லவில்லை. அந்த நாகரிகம் எங்கள் குடும்பத்துக்கு உண்டு.

ஜனவரி 5, திங்கள்

பெற்றோர் கூட்டம். வசுமதி டீச்சர் புதிதாக வந்தவர், ஈரோட்டுப் பக்கம். சின்ன உருவம், பெரிய கடிகாரம். பேசும்போது எதிராளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அப்படிப்பட்டவர்களிடம் கொஞ்சம் தள்ளி நிற்பது என் வழக்கம்.

ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார். பதினான்கு கேள்விகள். பிள்ளைக்கு எதைக் கண்டால் பயம்? இருட்டில் தூங்குவாளா? நீச்சல் தெரியுமா? பத்தாவது கேள்வி: உடல்நலக் குறைகள் என்னென்ன, என்ன மருந்து எடுக்கிறாள்?

பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேட்பதில்லை. டீச்சருக்குக் கல்யாணமாகாத தம்பி யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும்.

நான் எழுந்து நின்று, "மேகமலைய பத்தி எங்கிட்ட கேளுங்க டீச்சர். மூணு வருசம் அங்க இருந்தவன். யானை எந்திரிக்கிற நேரம், படுக்குற நேரம் எல்லாம் தெரியும்" என்றேன்.

"அப்படிங்களா? ரொம்ப நல்லதாப் போச்சுங்க. துணைக்கு வர ஒரு ஆள் வேணும்னு தேடிட்டு இருந்தோம். நீங்களே வந்துருங்க" என்றார்.

உடனே ஒத்துக்கொண்டேன். நான் மேகமலையில் ஒரு டீக்கடையில் இருந்தது ஒன்பது நாள்தான். ஆனால் அந்த ஒன்பது நாளில் பார்த்ததைப் பார்க்க மற்றவனுக்கு மூன்று வருஷம் ஆகும். கணக்கு சரி.

மாலையில் படிவத்தை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். பத்தாவது வந்ததும் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணும் இல்லைண்டு போடு."

"மார்கழியில வர்றத எழுத வேணாமாக்கா?"

"அது சளி. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வரும்போது, பள்ளிக்கூடத்துக் காகிதத்துல வீசிங்குண்டு எழுதியிருந்தா எவன் கட்டுவான்? எழுதுனது எழுதுனதுதான்டா."

அக்கா சொல்வதுதான் சரி. யோகுவுக்கு இருப்பது தூசி ஒத்துக்கொள்ளாமை. குளிர்காலத்தில் நாலைந்து நாள் தலையணையை நிமிர்த்தி வைத்து, உட்கார்ந்தபடியே தூங்குவாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி இருப்பது போல ஒரு சத்தம் வரும். தூசிதான். எங்கள் வம்சத்தில் எல்லோருக்கும் இரும்பு நெஞ்சு.

பத்தாவது கட்டத்தில் "இல்லை. எங்கள் வம்சத்திலேயே கிடையாது" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

படிவம் கொடுத்தாயிற்று. டீச்சர் பத்தாவதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். தேவைக்கு மேல் பார்த்தார்.

ஜனவரி 8, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

காலை ஆறரைக்கு கேன் ஏற்றப் போகும்போது பைபாஸ் ரோட்டில் யோகுவும் டீச்சரும் நடந்து போகிறார்கள். யோகு முதுகில் பெரிய பை. கூடவே ஜெரினா என்ற பெண், யோகுவின் சிநேகிதி. ஆட்டோவை முதல் கியரில் உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். துப்பறிவதில் நான் போலீஸுக்கே பாடம் எடுப்பேன். ஆட்டோ சத்தம் மட்டும்தான் கொஞ்சம் அதிகம்.

பாலம் வந்ததும் நின்றார்கள். டீச்சர் பையிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் கொடுக்க, யோகு அதில் ஃபூ என்று ஊதினாள். குழாயில் என்னவோ எண் பார்த்து ஜெரினா நோட்டில் எழுதினாள். மறுபடி நடந்தார்கள். அடுத்த நிறுத்தம், மறுபடி ஊதல்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனைத்தான் போலீஸ் இப்படி ஊதச் சொல்லும். என் மருமகளை எதற்கு ஊதச் சொல்ல வேண்டும்? மற்ற இருபத்திரண்டு பேரும் எங்கே?

ஜனவரி 9, வெள்ளி

அக்கா வீட்டில் கேன் இறக்கப் போனபோது யோகு குளித்துக்கொண்டிருந்தாள். அவள் பையைப் பார்த்தேன். பார்ப்பது என் கடமை.

விசில். டார்ச். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு. அட்டைப்பூச்சிக்கு மூக்குப்பொடி. கனம் பழகுவதற்காக மூன்று செங்கல். அடியில், ஒரு காலுறைக்குள் சுருட்டி, நீல நிறத்தில் முழங்கை போல வளைந்த ஒரு சாமான்.

யாரோ பையன் கொடுத்த சென்ட் என்று சந்தேகப்பட்டு ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். சென்ட் இல்லை. அந்த ருசி எனக்கு எப்படித் தெரியும் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

காலுறைக்குள் பழையபடியே சுருட்டி வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 12, திங்கள்

ஜெரினாவை அவள் வீட்டு வாசலில் மடக்கினேன்.

"ஏம்மா, காலையில என்ன ஊதுறீங்க?"

"அது சோடி விசயம் மாமா. சொல்லக்கூடாது."

டீச்சர் எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்திருக்கிறாராம். காட்டுக்குள் ஒருத்தியை விட்டு மற்றவள் பத்தடிகூட விலகக்கூடாது. சோடிக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எதற்கு அழுவாள் என்று எல்லாம் மற்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு டீச்சர் பரீட்சையே வைக்கிறாராம். தெரிந்ததை டீச்சரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக்கூடாது.

"நான் அவ தாய்மாமன்டி."

"இருக்கட்டும். நீங்க மூணு வருசம் காட்டுல இருந்தீங்களாமே, அட்டை கடிச்சா என்ன செய்யணும்?"

"பிடிச்சு ஒரே இழு."

"தப்பு. இழுத்தா ரத்தம் நிக்காது, புண்ணாயிரும். தானா விழட்டும், இல்ல மூக்குப்பொடி போடணும். மாமா, நீங்க உண்மையிலயே மேகமலை போயிருக்கீங்களா?"

அவளுக்குத் தெரிகிறதா என்று சோதிக்கத்தான் தப்பாகச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் சிரிப்பு சரியில்லை.

ஜனவரி 14, புதன்

போகி. எங்கள் தெருவில் பழைய பாயோடு நிறுத்துவதில்லை, டயரையும் போட்டு எரிக்கிறார்கள். விடிந்ததிலிருந்து புகை.

எனக்கு ஆற்றங்கரையில் ஒரு வேலை இருந்தது. அங்கே போனால் படிக்கட்டில் யோகு உட்கார்ந்திருக்கிறாள், தோள் இரண்டும் காது வரை ஏறியிருக்க. என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைத் தாவணிக்குள் மறைத்தாள். நானும் என் சட்டைப் பையை மூடிக்கொண்டேன்.

"மாமா, நீங்க எதுக்கு இங்கிட்டு வந்தீங்க?"

"மீன் பாக்க. நீ?"

"நானும் மீனுதான்."

ஒரு மணி நேரம் இருவரும் மீன் பார்த்தோம். பேசுகிற நிலையில் அவளும் இல்லை.

கிளம்பும்போது, "எப்படியாச்சும் மேகமலைக்குப் போயிரணும் மாமா. இதுவரைக்கும் ஸ்கூல்ல ஒரு டூருக்கும் அம்மா விட்டதில்ல" என்றாள்.

"நான் கூட வர்றேன்ல, கவலைய விடு" என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் என் படிவம். இரண்டு கோடும் பளிச்சென்று தெரிந்தது.

"சன்னாசி அண்ணா, நேராவே சொல்லிடறேனுங்க. பத்தாவதுல நீங்க எழுதியிருக்கறது உண்மையில்ல. நவம்பர்ல இங்க வந்த மருத்துவ முகாம்லயே டாக்டர் பார்த்துச் சொல்லிட்டார், மருந்தும் கொடுத்தார். வீட்டுக்குக் கொடுத்த சீட்டை யோகஸ்ரீ கொடுக்கலைன்னு இப்பத்தான் தெரியுது."

எங்களுக்குத் தெரியாமல் டாக்டர், மருந்து, சீட்டு. என் சந்தேகம் ஒன்றுகூட வீணாகவில்லை.

"அவளால மலை ஏற முடியும். குழாய்ல ஊதி மூச்சளவு பார்த்துப் பார்த்து ரெண்டு மாசமாப் பழகறா. மருந்து எப்போ எடுக்கணும்னு அவளுக்கும் ஜெரினாவுக்கும் தெரியும். ஆனா வீட்டு ஆளுங்க உண்மைய எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காம நான் அவளக் கூட்டிட்டுப் போக மாட்டேனுங்க. இருபத்தேழாம் தேதிதான் கடைசி."

"எங்க வம்சத்துல…"

"வம்சத்துக்கு நான் படிவம் கொடுக்கலைங்க. யோகஸ்ரீக்குத்தான் கொடுத்தேன்."

ஈரோட்டில் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். முதலில் யோகுவிடமிருந்து அந்த நீல இன்ஹேலரை வாங்கி பீரோவுக்கு மேல் வைத்தாள். "இத ஒருக்கா அடிச்சா காலம் பூரா அடிக்கணும், பழக்கமாயிரும்" என்றாள். பிறகு, "எழுதித்தான் போகணும்னா போகவே வேணாம்" என்றாள்.

யோகு அழவில்லை. பையைத் திறந்து மூன்று செங்கல்லையும் எடுத்து, கொல்லையில் எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே கொண்டு போய் அடுக்கினாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வேலை இருக்கிறதென்று வந்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

டீச்சருக்குத் தம்பி இல்லை. விசாரித்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

இன்று கரட்டில் ஏற்றப் பயிற்சி. ஊருக்கு மேற்கே இருக்கும் மொட்டைக் கரடு, உச்சிக்கு ஒரு மணி நேரம். எல்லோர் முதுகிலும் ஆறு கிலோ. படிவம் முடிவாகும்வரை பயிற்சியை விட வேண்டாம் என்று டீச்சர் சொல்லியனுப்பியதால் யோகுவும் வந்திருந்தாள். பீரோவுக்கு மேல் இருந்த சாமான் அவளிடம் திரும்பி வந்திருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. அக்கா வீட்டு பீரோ உயரமானது, எட்டி எடுக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டும்.

வழிகாட்டி என்பதால் நான் முன்னால் போனேன். கால் மணி நேரத்தில் நிறுத்தி, ஒரு பறவையைக் காட்டிப் பெயர் சொன்னேன். பெயர் அப்போது தோன்றியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நிறுத்தி, பாறைகள் எப்படி உண்டாகின்றன என்று விளக்கினேன்.

மூன்றாம் முறை நின்றபோது விளக்க எதுவும் இல்லை. குரலும் இல்லை.

வெயில் என்று எழுதலாம். காலை உணவு சரியில்லை என்று எழுதலாம். இந்த டைரியை நான் மட்டும்தான் படிக்கிறேன். சுகந்தியும் படிக்கிறாளோ என்று ஒரு சந்தேகம். படித்தால் படிக்கட்டும்.

மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விட முடியவில்லை. என் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து அழுத்தினேன், காற்றுதான் வந்தது. தீர்ந்து எத்தனை நாளோ. பாறையில் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "மாமா பறவைய பாக்குறாரா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

யோகு பின்னாலிருந்து வந்தாள். ஓடி வரவில்லை. அவளுக்கென்று ஒரு நடை பழகியிருக்கிறாள், அந்த நடையிலேயே வந்து முன்னால் மண்டி போட்டு, தன் நீலச் சாமானைக் குலுக்கி என் வாயருகே பிடித்தாள்.

"தள்ளி நில்லுங்கடி, காத்து வரட்டும். மாமா, நிமிந்து உக்காருங்க. மூச்ச வெளிய விடுங்க. இன்னும். இப்ப வாய மூடிப் பிடிச்சு மெதுவா இழுங்க. ஜெரினா, எண்ணு."

ஜெரினா பத்து வரை எண்ணினாள். மறுபடி ஒருமுறை. எண்ணும்போது அவள் சிரிக்கவில்லை.

டீச்சர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். யோகுவிடம், "சரியாச் செஞ்சே. இதக் கழுவிட்டு நீயும் ஒரு தடவை எடுத்துக்கோ" என்றார். பிறகு என்னிடம், "எத்தனை வருஷமாங்க?" என்றார்.

தூசி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "முப்பது" என்று வந்தது.

கூட வந்த இன்னொரு டீச்சரையும் இரண்டு பிள்ளைகளையும் என்னோடு உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போனார்கள். அப்புறம் யோகுவும் போனாள். உச்சியிலிருந்து கை ஆட்டினாள், சின்னதாகத் தெரிந்தாள். நான் கை ஆட்டவில்லை. தூக்க முடியவில்லை.

அதே நாள், மாலை

சுகந்தியிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஊர் முழுக்கத் தெரியப்போகிறது, அவளுக்கு நான் சொல்லித் தெரியட்டும்.

"உங்கிட்ட ஒரு விசயத்த மறைச்சுட்டேன்."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "கரட்டுல இளைச்சுருச்சாக்கும்?"

"ஒனக்கு யார் சொன்னா?"

"கல்யாணமாகி மூணாம் நாளே தெரியும்யா. பனிக்காலம் வந்தா கூடத்துல சேரப் போட்டு உக்காந்துக்கிட்டு காவல் காக்குறேங்குறீங்க. பதினாலு வருசமா. நம்ம வீட்டுல களவாங்க என்ன இருக்கு?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீங்கண்டு பாத்தேன்."

ஜனவரி 25, ஞாயிறு

அக்காவிடம் போனேன். அவள்தான் என் கல்யாணத்தின்போது பெண் வீட்டாரிடம், பையனுக்கு இளைக்கவில்லை, பாட்டுக் கச்சேரிக்குப் போய்த் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொன்னவள்.

"எழுதிக் குடுத்துருவோம்க்கா. பிள்ள ஏறிட்டா. நான் பாத்தேன்."

"நீ கீழ உக்காந்துல்ல பாத்த."

"சுகந்திக்கு மூணாம் நாளே தெரியுமாம். விட்டுட்டா போயிட்டா?"

"மூணாம் நாள்னா தாலி கட்டியாச்சுல்லடா. எம்பொண்ணுக்கு முன்னாடியே தெரிஞ்சிருமே. மறைச்சதாலதான் ஒனக்கு ஒருத்தி கெடைச்சா, மறந்துறாத."

காலி கேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கேன் எடுக்கத்தான் வந்தவன் போல.

ஜனவரி 27, செவ்வாய்

புதுப் படிவம் கேட்டு வாங்கி, பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்தே எழுதினேன். அக்காவிடம் சொல்லவில்லை. பத்தாவது கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம் இருந்தது. யார் இந்தப் படிவத்தை அச்சடித்தார்களோ, அவர்களுக்கு எங்கள் வம்சத்தைத் தெரியாது. பின்பக்கமும் எழுதினேன். யோகுவுக்கு ஆறு வயதில் தொடங்கியது, எந்தெந்த மாதம் வரும், புகை ஆகாது, எந்த மருந்து, எல்லாம். தாய்மாமனுக்கும் உண்டு என்று எழுதினேன். அவனுக்கு வந்தபோது இவள்தான் காப்பாற்றினாள், மூன்று நிமிஷத்தில், இருபது டாக்டர்கள் சேர்ந்தாலும் அப்படிச் செய்ய முடியாது என்றும் எழுதினேன்.

டீச்சர் முழுவதையும் படித்தார்.

"அந்த இருபது டாக்டர் வேண்டாமுங்க. மத்ததெல்லாம் சரியா இருக்கு. அம்மாவுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்" என்றேன். பொய் இல்லை. மாலையில் சொல்லப்போவதை மதியமே சொன்னேன், அவ்வளவுதான்.

துணைக்கு விளையாட்டு ஆசிரியை வருகிறாராம், நான் வர வேண்டியதில்லையாம். அவருக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் வாதாடவில்லை. என்னையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பார்க்கலாம் என்றேன். போகாவிட்டால் அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்று ஒரு சந்தேகம்.

மாலையில் அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று வாசலுக்கு அருகிலேயே நின்றிருந்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜனவரி 28, புதன்

அக்கா பேசவில்லை. யோகுவைத் தடுக்கவும் இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜனவரி 29, வியாழன்

காலை ஏழரைக்குப் பள்ளி வாசலில் வேன். இருபத்துநான்கு பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள், அப்பாக்கள், தம்பிகள். திருவிழாக் கூட்டம். யோகுவை நான்தான் ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினேன். அக்கா திராட்சை வெட்டப் போய்விட்டாள் என்று யோகு சொன்னாள். வழியெல்லாம் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வேன் கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்கா வந்தாள். தோட்டத்துக்குப் போகிற பழைய சட்டையைச் சேலை மேல் போட்டபடி, வேகவேகமாக. நேராக டீச்சரிடம் போனாள். தடுத்து நிறுத்தத்தான் வருகிறாள் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். ஒரு கையால் என்னை ஒதுக்கிவிட்டாள்.

அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. தோட்டத்தில் பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய குரல்.

"டீச்சர், எம்மகளுக்கு வீசிங் வந்தா அந்த மருந்த எத்தன தடவ அடிக்கணும்? ராத்திரி குளிருல வந்தா யார எழுப்புவா?"

இத்தனை வருஷம் பொத்தி வைத்ததை இப்படி நடு ரோட்டில் போட்டு உடைத்துவிட்டாள். யார் யார் கேட்டார்கள், யார் யாரிடம் சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

ஒரு அம்மா மகளுக்குப் புளியோதரை ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தர் வேன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பையன் தன் அக்காளின் விசிலைப் பிடுங்கி ஊதி அறை வாங்கினான். ஒருவரும் திரும்பவில்லை.

டீச்சர் பதில் சொல்லச் சொல்ல அக்கா விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்தாள். ஜெரினாவைக் கூப்பிட்டு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு யோகுவின் ஸ்வெட்டரில் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "பாத்துப் போயிட்டு வா" என்றாள்.

வேன் போய்விட்டது.

எனக்கு மனசு ஆறவில்லை. ஜெரினாவின் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். நைசாக விசாரித்தேன். "எங்க அக்கா சத்தமாப் பேசுனாங்களே, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சே. எங்க வீட்டுக்காரரும் அதத்தான் அடிக்கிறாரு, தெனம் ரெண்டு வேளை" என்றவர், "ஏண்ணே, மேகமலையில இப்ப ரொம்பக் குளிருமா? இவளுக்கு ஒரு போர்வைதான் குடுத்துவிட்டேன்" என்றார்.

குளிராது என்றேன். பிறகு, எனக்குச் சரியாகத் தெரியாது, நான் அங்கே இருந்தது ஒன்பது நாள்தான் என்றேன்.